சான் ஹோசே சிட்டி ஹால் வல்லூறுக் குஞ்சுகள்: பெற்றோர் பட்டினி போடுகிறார்களா? பறப்பதைப் பார்க்க எங்கே நிற்கணும்?

செல்வி_சான்ஹோசே
மே 16, இரவு 9:50

எல்லாருக்கும் வணக்கம். அம்மா அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து கலிஃபோர்னியாவுல எங்களோடு தங்கியிருக்காங்க. சிட்டி ஹால் (மாநகராட்சிக் கட்டடம்) உச்சியில பொரி வல்லூறு கூடு கட்டியிருக்கிற இடத்துக் கேமராவை ஒருநாள் போட்டுக் காட்டினேன். அன்னிலேருந்து சீரியல் எல்லாம் நின்னுபோச்சு. ஏப்ரல் முதல் வாரம் மூணு குஞ்சு பொரிச்சதிலிருந்து பார்த்துட்டு வர்றாங்க. அப்போ வெள்ளைத் தூவியோட தலைகூட நிக்காம ஆடிட்டிருந்ததுங்க. இப்போ பழுப்பு இறகும் நெஞ்சில நெடுக்குக் கோடுமா, தாய் தகப்பன் அளவுக்கு வளர்ந்து நிக்குது. உச்சந்தலையில மட்டும் கொஞ்சம் தூவி மிச்சம் இருக்கு.

கவலை என்னன்னா, ரெண்டு மூணு நாளா தீனி ரொம்பக் குறைஞ்சுபோச்சு. நேத்து தாய்ப்பறவை ஒரு புறாவைக் காலில் பிடிச்சுக்கிட்டு வந்தது. விளிம்புகிட்ட வந்து, குஞ்சுகளுக்கு நேர் எதிரே தாழப் பறந்து, கொடுக்காமலே போயிடுச்சு. திரும்பவும் வந்தது, திரும்பவும் போச்சு. கடைசியில எதிர்க் கட்டடத்து மேல உட்கார்ந்து அதுவே உரிச்சுத் தின்னுச்சு. மூணும் கத்தின கத்துல அம்மாவுக்கு ராத்திரி தூக்கமே இல்லை. "பெத்தவ இப்படிச் செய்வாளா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க.

மூணுல சின்னது விளிம்புக்கு வந்து றெக்கையை அடிச்சுப் பார்க்குது, கீழே எட்டிப் பார்க்குது, பின்னாடி போயிடுது. பறக்கப் போற நேரம் நெருங்கிடுச்சுன்னு நினைக்கிறேன். அம்மாவைக் கூட்டிட்டுப் போய் நேர்ல காட்டணும். எந்த நேரம் போகணும், எங்கே நிக்கணும்? அம்மாவுக்கு முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிக்க முடியாது. பறக்கத் தெரியாம ரோட்டுல விழுந்துட்டா என்ன செய்யறது?

அம்மாவோட கேள்வி இன்னொண்ணு. எங்க வீட்டுல கோழி வளர்த்தோம். வானத்துல வட்டம் போடுறது தெரிஞ்சாலே தெருவே சத்தம் போட்டு விரட்டும். இங்கே அதே மாதிரிப் பறவைக்கு ஆளுங்க நாற்காலி போட்டுக் காவல் இருக்காங்களே, ஏன்?


ராஜா_ஃப்ரீமான்ட்
மே 16, இரவு 10:25

போன வருஷம் பிள்ளைங்களோட போனோம். நாலாவது தெருப் பக்கம் கார் நிறுத்துற அடுக்குமாடிக் கட்டடங்கள் இருக்கு. மேல்தளத்துக்குப் போயிட்டா கூடு இருக்கிற உயரத்தை அண்ணாந்து பார்க்கிற கஷ்டம் பாதி குறையும். கார் வேண்டாம்னா லைட் ரெயில்ல சாண்டா கிளாரா ஸ்டேஷன்ல இறங்கி நடந்திடலாம், பக்கம்தான். மடக்கு நாற்காலி, தொப்பி, தண்ணி கட்டாயம். மேல்தளத்துல நிழலே கிடையாது. மத்ததுக்கு வசந்தா அக்கா வருவாங்க, அவங்கதான் சரியான ஆள்.


வசந்தா_பெர்க்லி
மே 17, காலை 6:15

செல்வி, முதல்ல அம்மாவை நிம்மதியாத் தூங்கச் சொல்லுங்க. அந்தத் தாய் பட்டினி போடலை, வெளியே கூப்பிடுது.

பறக்கப் போற வாரத்துல தீனியைக் குறைக்கிறது வல்லூறுகள்கிட்ட திரும்பத் திரும்பப் பார்த்த விஷயம். ஆறு வாரத்துக் குஞ்சு உடம்புல நல்ல சதை போட்டிருக்கும். வயிறு நிறைஞ்ச குஞ்சுக்கு அந்த விளிம்பை விட்டு நகரக் காரணமே இல்லை. இரை கண்ணெதிரே போகுது, ஆனா இங்கே வராது, அங்கே இருக்கு. அதுதான் சொல்ற செய்தி. எதிர்க் கூரையில உட்கார்ந்து உரிச்சதும் அதுக்காகத்தான். குஞ்சுங்க நல்லாப் பார்க்கிற இடமாப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கும். முழுசா நிறுத்தவும் மாட்டாங்க. கேமராவுல கண் வச்சிருந்தீங்கன்னா, சாயங்காலம் சின்னதா எதையாவது கொண்டுவந்து போட்டுட்டுப் போறதைப் பார்ப்பீங்க.

நான் மே கடைசி, ஜூன் மாசங்கள்ல பெர்க்லி பல்கலைக்கழகத்துக் கேம்பனைல் மணிக்கோபுரத்துக்கு அடியில காவல் நிக்கிறவ. 307 அடிக் கோபுரம். அன்னி, கிரின்னல்னு பேர் வச்ச ஜோடி 2017-ல அங்கே முதல்முதலா குஞ்சு பொரிச்சது. சான் ஹோசேயில அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே, 2007-லயே ஆரம்பிச்சாச்சு. ரெண்டு இடத்திலயும் கூட்டம் கூட்டமா ஆளுங்க வர்றாங்க. வர்ற எல்லாரும் அந்த முதல் தாவலைப் பார்க்கத்தான் வர்றாங்க. நான் சொல்றேன், தாவல் பெரிசில்லை. இறங்குறதுதான் பெரிசு.

றெக்கை அடிக்கிறதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. குஞ்சு ரெண்டு மூணு வாரமா விளிம்புல நின்னு அடிச்சு அடிச்சு நெஞ்சுத் தசையை வளர்த்திருக்கு. விளிம்பு நீளத்துக்கு ஓடிக்கிட்டே அடிக்கும். சில நேரம் கால் தரையை விட்டு எழும்பும், அதுவே திடுக்கிட்டு நிக்கும். நம்ம பக்கம் பிற்பகல்ல வளைகுடாவிலிருந்து காத்து வீசுமில்லையா, அந்தக் காத்துக்கு நேரா றெக்கையை விரிச்சு நின்னா தானாத் தூக்கும். முதல் பறப்பு பல தடவை அப்படித்தான் நடக்குது. குஞ்சு முடிவு செய்யறதுக்கு முன்னாடியே காத்து முடிவு செஞ்சிடும். காத்துல விழுந்ததும் அஞ்சாறு றெக்கையடியில ஒழுங்காப் பறக்க ஆரம்பிச்சிடும், பார்க்கிறவங்களுக்கு அழுகையே வரும்.

பிறகு ஒரு கட்டடம் எதிர்ல வரும். வேகத்தை எப்போ குறைக்கணும், வாலை எவ்வளவு விரிக்கணும், காலை எப்போ முன்னாடி நீட்டணும்னு அதுக்குத் தெரியாது. தாய் தகப்பன் விளிம்புக்குக் கீழேயிருந்து வந்து, கடைசி நேரத்துல மேல்நோக்கி ஏறி, வேகம் பூராவும் செத்த பிறகு காலை வைக்கும். குஞ்சு நேரா வரும், சுவத்துல நெஞ்சால மோதும், நகத்தால கீறிக்கிட்டே சறுக்கும். பிடி கிடைச்சா தொத்திக்கும். கிடைக்கலைன்னா திரும்பி இன்னொரு சுத்து போகணும், போகப் போக உயரம் குறையும். மூணாவது தடவை தவறினா ரோட்டு மட்டத்துக்கு வந்திடும். ரோட்டுல விழற குஞ்சுல நிறைய இப்படி இறங்க இடம் கிடைக்காம வந்ததுதான்.

கல் சுவர்னாலாவது பரவாயில்லை. கண்ணாடிதான் எமன். கண்ணாடியில தெரியிற வானத்தை அது வானம்னே நம்பும். 2017-ல பெர்க்லியில பொரிஞ்ச ரெண்டு குஞ்சுக்கு ஃபியாட், லக்ஸ்னு பல்கலைக்கழகத்தோட குறிக்கோள் வாசகத்திலிருந்து பேர் வச்சாங்க. லக்ஸ் பறக்க ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல ஒரு ஜன்னல்ல மோதிச் செத்துப்போச்சு. அந்தப் பறவையை நான் இன்னும் நினைக்கிறேன். உங்க சிட்டி ஹால் முன்னாடி பெரிய கண்ணாடிக் குவிமாடம் இருக்கு. காவல் நிக்கிறவங்க கண் அடிக்கடி அந்தப் பக்கம் போறது அதனாலதான்.

எப்போ பறக்கும்னு கேட்டீங்க. ஆண் குஞ்சு பெண்ணைவிடக் கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சின்னது. எடை குறைவு, இறகும் சீக்கிரம் முத்திடும். அதனால பெரும்பாலும் ஆண்தான் முதல்ல கிளம்பும், 38-லிருந்து 42 நாளுக்குள்ள. பெண்ணுக்குப் பின்னும் சில நாள் ஆகும். நீங்க சொல்ற சின்னது ஆணாத்தான் இருக்கணும், நாளும் வந்தாச்சு. காலையில வெளிச்சம் வந்து ரெண்டு மணி நேரமும், பிற்பகல் காத்து எழும்புற நேரமும் அங்கே இருங்க.

நிக்கிற இடத்தைப் பத்தி ராஜா சொன்னது சரி. இன்னொண்ணு சேர்த்துக்குங்க. கூட்டுக்கு நேர் கீழே நிக்காதீங்க. தள்ளி, கட்டடத்தோட ரெண்டு பக்கமும் ஒரே பார்வையில தெரியிற இடமா நில்லுங்க. கிளம்புறது ஒரு நொடி. எந்தப் பக்கம் திரும்பி எங்கே உட்கார்ந்ததுன்னு தெரியலைன்னா மொத்தமும் கைவிட்டுப் போயிடும். எட்டு மடங்கு பைனாகுலர் போதும், அதையும் எப்பவும் கண்ணுல ஒட்டி வச்சிருக்க வேண்டாம். காது திறந்திருக்கட்டும். பசியில கத்துறது இழுத்து இழுத்து வரும். "கக்-கக்-கக்"னு பெரியது விடாமக் கத்தினா பருந்தோ காக்காயோ மனுஷனோ கூட்டுக்கிட்ட வர்றாங்கன்னு அர்த்தம். அந்தக் கத்தலைக் கேட்டதும் தாய் போற திசையைப் பாருங்க, குஞ்சு இருக்கிற இடத்தை அதுவே காட்டிக்கொடுக்கும்.

அம்மா கேட்டதுக்கு வர்றேன், அதுதான் இந்த இழையில நல்ல கேள்வி.

1970-ல கலிஃபோர்னியா முழுக்கத் தேடினபோது முட்டையிடுற ஜோடின்னு தெரிஞ்சது ரெண்டே ரெண்டு. மிசிசிப்பி ஆத்துக்குக் கிழக்கே ஒரு ஜோடிகூட இல்லை. காரணம் டி.டி.டி. பூச்சிமருந்து. பூச்சியைத் தின்ன குருவி, குருவியைத் தின்ன வல்லூறுன்னு மேலே போகப் போக விஷம் கொழுப்புல சேர்ந்துக்கிட்டே போச்சு. பறவை சாகலை. ஆனா முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து சேராம ஓடு மெலிஞ்சது. அடைகாக்க உட்கார்ந்த தாயோட கனத்துலயே முட்டை நொறுங்கிப்போச்சு. கோழி அடைக்கு வச்சவங்களுக்கு இது என்ன கொடுமைன்னு நான் சொல்ல வேண்டாம், அம்மாவுக்கே தெரியும்.

1972-ல அமெரிக்காவுல டி.டி.டி.யைத் தடை செஞ்சாங்க. ஆனா தடை மட்டும் போதலை. சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்து ஆளுங்க பாறை உச்சியிலிருந்து கூட்டுக்குக் கயித்துல இறங்கி, மெலிஞ்ச முட்டையை எடுத்துட்டு, அடையில இருக்கிற தாய் கூட்டை விட்டுடாம இருக்கப் போலி முட்டையை வச்சாங்க. எடுத்ததை ஆய்வகத்துல பொரிக்கவச்சு, குஞ்சைத் திரும்பக் கொண்டுபோய்க் கூட்டுல விட்டாங்க. கார்னெல் பல்கலைக்கழகத்துல டாம் கேட் 1970-ல தொடங்கின பெரெக்ரின் ஃபண்ட்ங்கிற அமைப்பு, கூண்டுல வளர்த்த குஞ்சுகளை ஆயிரக்கணக்குல வெளியே விட்டது. 1999-ல அழியும் இனப் பட்டியல்லேருந்து நாடு முழுக்க எடுத்தாங்க. கலிஃபோர்னியா தன் பட்டியல்லேருந்து எடுக்க 2009 ஆச்சு. அம்மா கேமராவுல பார்க்கிற மூணு குஞ்சுக்குப் பின்னால இத்தனை பேர் உழைப்பு இருக்கு.

கீழே விழுந்த குஞ்சைப் பத்தித் தனியா எழுதறேன், வேலை இருக்கு.


லண்டன்_கணேஸ்
மே 17, பிற்பகல் 2:40

வசந்தா அக்கா வாறதுக்குள்ள விழுந்த குஞ்சைப் பற்றி நான் பாத்ததைச் சொல்லுறன். ஹாமர்ஸ்மித்தில சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரிக் கூரையில கனகாலமா ஒரு சோடி குஞ்சு பொரிக்குது. ஒருமுறை நான் இரவு வேலை முடிஞ்சு வெளிய வரேக்க, நடைபாதையில மதில் ஓரமா ஒண்டு குந்தியிருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு, எங்களைப் பாத்து முழுசிக்கொண்டு. சுத்திவர ஆக்கள். ஒராள் போத்தல் மூடியில தண்ணி வைக்கிறார், ஒராள் சாண்ட்விச்சில இருந்த கோழியைப் பிச்சுப் போடுறார். எல்லாரும் நல்ல மனசிலதான்.

பறவைகளைக் கவனிக்கிற ஒரு அம்மா வந்தா. "ஒண்டும் குடுக்காதேங்கோ, தள்ளி நில்லுங்கோ" எண்டு சொல்லி, தன்ர கோட்டைக் கழட்டிப் பின்பக்கமா வந்து மூடி, றெக்கையோட சேத்துத் தூக்கி ஒரு பெட்டியில வைச்சா. இருட்டானவுடன அது சத்தமில்லாம அடங்கிப்போச்சு. காயம் இருக்கோ எண்டு பாத்திட்டுத் திரும்பக் கூரையிலயே கொண்டுபோய் விட்டவை. அண்டைக்குப் பின்னேரமே தாய் தீனி குடுத்ததாப் பிறகு கேள்விப்பட்டன். மனிசர் தொட்டால் தாய் சேக்காது எண்டு எங்கட ஊரில சொல்லுறவை. வல்லூறுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை.

உங்கட அம்மாவுக்கு என்ர வணக்கம் சொல்லுங்கோ தங்கச்சி.


வசந்தா_பெர்க்லி
மே 17, இரவு 8:05

கணேஸ் தம்பி சொன்னதுதான் சரியான முறை. நான் ரெண்டு விஷயம் சேர்க்கிறேன்.

ஒண்ணு, அந்தக் குஞ்சுக்குப் பறக்கத் தெரியும், ஆனா தரையிலிருந்து எழும்பப் பலம் இல்லை. உயரத்திலிருந்து விழுந்து வேகம் எடுத்துப் பறக்கிற உடம்பு அது. தரையில விட்டா நடந்து நடந்து ரோட்டுக்குத்தான் போகும். அதனால உயரமான இடத்துல விடுறதுதான் மருந்து. மேலே ஏத்தினதும் அது இன்னொரு தடவை முயற்சி செய்யும், பல குஞ்சு அந்த ரெண்டாவது வாய்ப்புல தேறிடுது.

ரெண்டு, நீங்களே தூக்காதீங்க. நகம் உள்ளங்கையைத் துளைச்சிடும். அதோட அனுமதி இல்லாம யாரும் வச்சுக்கிறது சட்டப்படி குற்றம். காவல் நிக்கிற தன்னார்வலர்கிட்ட பெட்டி, துண்டு, கையுறை எல்லாம் இருக்கும், மாடிக்குப் போக யாரைக் கேட்கணும்னும் அவங்களுக்குத் தெரியும். யாரும் இல்லாத நேரம்னா சான் ஹோசேயிலேயே வைல்ட்லைஃப் சென்டர் ஆஃப் சிலிக்கான் வேலி இருக்கு, அவங்களைக் கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் நாய், கார், கூட்டம் இது மூணையும் தள்ளி வச்சாலே பெரிய உதவி.

தாழ்ந்த மதில்லயோ செடித்தொட்டியிலயோ உட்கார்ந்திருந்தா உடனே பெட்டியில போடணும்னு இல்லை. சில நேரம் ஒரு மணி நேரம் அப்படியே இருந்துட்டு, மூச்சு வாங்கிட்டுத் தானே அடுத்த கிளைக்குப் போயிடும்.


நெல்லைச்சீமை_குமார்
மே 18, காலை 9:20 (சென்னை நேரம்)

செல்வி அக்கா, அம்பாசமுத்திரம்னு பார்த்ததும் எழுதத் தோணுச்சு. இந்தப் பறவை நம்ம ஊருக்கும் வரும். குளிர்காலத்துல வடக்கேயிருந்து வலசை வர்றது, வாத்தும் உள்ளானும் கூடுற குளம், உப்பளம் பக்கம் வேட்டையாடும். சென்னையில செல்போன் டவர் உச்சியிலயும் உயரமான கட்டடத்து விளிம்பிலயும் உட்கார்ந்து பார்த்திருக்கேன். அதுங்க இங்கே கூடு கட்டாது, கோடை வந்தா போயிடும். நம்ம மலையிலேயே பாறை விளிம்புல கூடு கட்டுறது ஷாஹீன், அதே இனத்துல கொஞ்சம் சின்னது, அடிவயிறு செம்பழுப்பா இருக்கும்.

கோழிக்குஞ்சைத் தூக்கினது இதுவா இருக்க வாய்ப்பு ரொம்பக் குறைவு. பொரி வல்லூறு பெரும்பாலும் பறக்கிற பறவையைக் காத்துலயே அடிக்கும், முத்தத்துக்கு இறங்கி வர்ற பழக்கம் அதுக்கு இல்லை. அம்மா பார்த்தது கரும்பருந்தாவோ வைரியாவோதான் இருக்கும்.


செல்வி_சான்ஹோசே
மே 19, இரவு 10:10

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை. இன்னிக்குப் பிற்பகல் நடந்தது!

அம்மா நாற்காலியில, நான் பைனாகுலரோட. பக்கத்துல ஒரு மெக்சிகோக்காரப் பாட்டி, ஒரு கல்லூரிப் பையன், தன்னார்வலர்கள் ரெண்டு பேர். தகப்பன் ஏதோ ஒரு குருவியோட விளிம்பை ஒட்டிப் போச்சு. சின்னது பின்னாலயே எட்டு வச்சது, காத்து தூக்கிடுச்சு. வசந்தா அக்கா, நீங்க சொன்ன மாதிரியே பறந்தது நல்லாத்தான் பறந்தது. நூலகம் இருக்கிற திசையில போச்சு, திரும்பி வந்தது, கட்டடத்துப் பக்கச் சுவத்துல பல மாடி கீழே மோதிச் சறுக்குச்சு. எங்களுக்கு உயிரே போச்சு. விட்டுட்டு மறுபடி ஒரு சுத்து. தாய் எங்கிருந்தோ வந்து அதுக்குக் கொஞ்சம் மேலேயும் முன்னாலயும் பறந்தது. எதிர்க் கட்டடத்துக் கூரைக் கைப்பிடிச் சுவர்ல குஞ்சு விழுந்து, முன்னாடி சாய்ஞ்சு, றெக்கையை ரெண்டு பக்கமும் விரிச்சுப் பிடிச்சு நின்னுடுச்சு.

கல்லூரிப் பையன் கத்தினான், பாட்டி சிலுவை போட்டுக்கிட்டாங்க. அம்மா எழுந்து நின்னுட்டாங்க, முழங்கால் வலியெல்லாம் எங்கே போச்சுன்னு தெரியலை. "இறங்கத் தெரிஞ்சுக்கிட்டான்"னு சொன்னாங்க.

ஒரு மணி நேரம் கழிச்சுத் தகப்பன் அந்தக் குருவியைக் கொண்டுவந்து அதே சுவர்ல வச்சுட்டுப் போச்சு. அதை நாங்க பார்த்தோம்.

மத்த ரெண்டும் இன்னும் விளிம்புலதான் இருக்கு. இனி என்ன பார்க்கணும் அக்கா? அம்மா ஜூலை கடைசி வரைக்கும் இங்கே இருப்பாங்க.


வசந்தா_பெர்க்லி
மே 20, காலை 5:55

காலையில எழுந்து முதல்ல படிச்சது உங்க பதிவு, செல்வி. அந்தக் கைப்பிடிச் சுவர் வரைக்கும் வந்தது பெரிய விஷயம்.

பெரும்பாலானவங்க முதல் பறப்போட நாற்காலியை மடிச்சுட்டுப் போயிடறாங்க. எனக்கு அதுல வருத்தம் உண்டு, ஏன்னா அடுத்த நாலஞ்சு வாரம்தான் பள்ளிக்கூடம். ஒரு வாரத்துல இறங்குறது சரியாயிடும். பிறகு மூணும் ஒண்ணை ஒண்ணு துரத்தும், ஒண்ணு மல்லாந்து காலை நீட்டும், இன்னொண்ணு மேலேயிருந்து பாயும். தாய் இரையோட உயரத்துக்குப் போய்க் காத்துல விட்டுடும், குஞ்சு கீழே பாய்ஞ்சு பிடிக்கணும். முதல்ல தவறவிடும், தாயே திரும்பப் பிடிச்சு மறுபடி மேலே கொண்டுபோகும். பிறகு காலிலிருந்து காலுக்கு மாத்தும், குஞ்சு தலைகீழாத் திரும்பி வாங்கும். சில தடவை உயிரோடவே புறாவைக் கொண்டுவந்து விடும். ஜூன் கடைசியில, ஜூலையில அதுங்களே பிடிக்க ஆரம்பிக்கும். அப்போ தாய் தகப்பன் விரட்டவும் ஆரம்பிக்கும், அதையும் அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வையுங்க.

காலில் ஆய்வாளர்கள் மாட்டின வளையம் இருந்தா எழுத்தையும் எண்ணையும் குறிச்சு வச்சுக்கச் சொல்லுங்க. முதல் வருஷத்துலயே பாதிக்கு மேல செத்துப்போற இனம் இது, அதனால ஒரு வளையம் திரும்பக் கண்ணுல பட்டா அதுக்கு மதிப்பு அதிகம். பெர்க்லியில 2018-ல பறந்த லாரன்சியம்ங்கிற பெண் குஞ்சை ரெண்டு வருஷம் கழிச்சு அல்கட்ராஸ் தீவுல, தானே கூடு கட்டின தாயா, வளையத்தை வச்சுத்தான் கண்டுபிடிச்சாங்க.

சனிக்கிழமை நானும் சான் ஹோசே வர்றேன், மிச்சம் இருக்கிற ரெண்டுல ஒண்ணு அதுக்குள்ள கிளம்பிடும்னு நினைக்கிறேன். டெலஸ்கோப் கொண்டுவர்றேன். முக்காலியைத் தாழ்த்தி வச்சா அம்மா நாற்காலியில உட்கார்ந்தபடியே வளைய எண்ணைப் படிக்கலாம். காலை ஏழு மணிக்கு மேல்தளத்துல, வடக்கு மூலையில இருப்பேன்.